தாலி கட்டும்போது யார் எங்கே நிற்பது? கல்யாணப் படங்கள் நன்றாக அமைய வீட்டார் பிரித்துக்கொள்ள வேண்டிய வேலைகள்

ஆல்பத்தில் தாலி கட்டும் படம் சரியாக அமையவில்லை என்றால், கேமராமேனைத்தான் முதலில் குறை சொல்வோம். படத்தை உற்றுப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைத்திருக்கும். அட்சதை போட வந்த பெரியப்பாவின் முதுகு பாதிப் படத்தை அடைத்திருக்கும். ஓரத்தில் ஒரு மாமா கைபேசியை நீட்டிக்கொண்டிருப்பார். ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் நெய் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும். இவை அத்தனையையும் முதல் நாளே பேசி வைத்துத் தவிர்க்க முடியும். அதற்கு வீட்டார் யார் யார் எந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதை, முதன்முறையாகக் கல்யாணம் நடத்துபவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டில் மண்டபத்தில் வைத்து அய்யர் நடத்திக்கொடுக்கும் முகூர்த்தத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கொங்குப் பகுதியில் அருமைக்காரர் நடத்திவைப்பார், சுயமரியாதைத் திருமணத்தில் தலைமை தாங்குபவர் தாலியை எடுத்துக் கொடுப்பார். அங்கெல்லாம் அய்யர் என்று வரும் இடத்தில் அவர்களை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர்

பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என இரண்டு பேரைப் படங்களுக்கென்றே ஒதுக்குங்கள். சொந்தபந்தம் எல்லோரையும் முகம் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு இந்த வேலை வேண்டாம், அவர்களை ஆயிரம் பேர் தேடுவார்கள். மாப்பிள்ளைத் தோழன், நாத்தனார், தாய்மாமா ஆகியோருக்கும் வேண்டாம், அவர்களே படத்துக்குள் இருக்க வேண்டியவர்கள். அத்தை மகன், சித்தி மகள் போன்ற ஒருவர், பெரியவர்களிடம் "மாமா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று மரியாதையாகச் சொல்லக்கூடியவர், பொருத்தமாக இருப்பார். இவர்கள் இருவரின் எண்ணையும் போட்டோகிராபரிடம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் கைபேசிக்குக் கூப்பிட்டுப் பயனில்லை.

இந்த இருவரும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து குடும்பப் படங்களின் பட்டியலைப் போட வேண்டும். எந்தக் குழு, யார் யார், எப்போது என்று எழுத வேண்டும். ஒரு குழுவைக் கூட்டி, நிற்க வைத்து, இரண்டு மூன்று படம் எடுக்க 2 நிமிடம் பிடிக்கும். 20 குழு என்றால் 40 நிமிடம். அதற்குமேல் போனால் சாப்பிடப் போகும் அவசரத்தில் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆகவே 20-க்குள் நிறுத்துங்கள். பட்டியலின் உச்சியில் தாத்தா பாட்டிகளும் வெளியூர் கிளம்புபவர்களும் இருக்கட்டும்.

பட்டியல் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். கணவரை இழந்த அம்மாவோ பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், அவர்கள் தாமாக மேடைக்கு வரமாட்டார்கள். தூண் ஓரத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் ஆல்பத்தைப் புரட்டும்போது பிள்ளையை வளர்த்த அந்த முகம் ஒரு படத்தில்கூட இருக்காது. பொறுப்பாளர் நேரில் போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். மேடைப் படி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் மணமக்களை அவர்கள் நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத உறவுகள் இருந்தால் அதையும் போட்டோகிராபரிடம் ரகசியமாகச் சொல்லிவையுங்கள். தெரியாமல் "நீங்களும் பக்கத்துல வாங்க" என்று அவர் கூப்பிட்டு, மேடையில் சங்கடம் வரக்கூடாது.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். தாலி கட்டுவதை 8.10 அளவில் வைத்துக்கொண்டால் தாமதமானாலும் கையில் நேரம் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கூறைப்புடவை வாங்கிக்கொண்டு போய் மாற்றி வரப் பெண்ணுக்கு 20 முதல் 25 நிமிடம் வேண்டும். அப்படியென்றால் 7.40-க்குக் கூறை அவள் கையில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய சடங்குகளுக்காக 7 மணிக்கு மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்ணைத் தனியாகப் படம் எடுக்க அரைமணி நேரம், 6.15 முதல் 6.45 வரை. சிகை, ஒப்பனை, புடவை கட்டு எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரம். ஆக, பியூட்டிஷியன் 3.45-க்கு வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

பெரும்பாலான கல்யாணங்களில் இந்தச் சங்கிலி அறுபடுவது ஒப்பனை அறையில்தான். அங்கே அரைமணி நேரம் தாமதமானால் முதலில் பறிபோவது பெண்ணின் தனிப்படங்கள். அடுத்து கூறை மாற்றும் நேரம் சுருங்கும், மடிப்பு சரியாக நிற்காது. பிறகு அய்யர் மந்திரத்தை வேகமாக ஓட்டுவார், ஒவ்வொரு சடங்கிலும் படம் எடுக்க இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. தாமதத்துக்கான காரணங்களும் வழக்கமானவையே. நகைப்பெட்டியின் சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கும், ஜாக்கெட் வேறு அறையில் இருக்கும், பூக்காரர் வந்திருக்கமாட்டார், அறைக்குள் பதினைந்து பேர் நுழைந்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒப்பனை அறைக்குப் பெண்களில் ஒருவரைக் காவலாகப் போடுங்கள். உள்ளே யாரை விடுவது என்பது அவர் முடிவு. கூறைப்புடவையை முந்தின நாளே மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுப் பின் குத்திவைத்தால் பத்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் பல வீடுகளில் கூறையை அய்யர் ஆசீர்வதித்துக் கொடுத்த பிறகே பிரிப்பார்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தாலி, மெட்டி, கூறை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், அழைப்பிதழ் ஆகியவற்றைத் தனியாகப் படம் எடுக்க விரும்பினால் முந்தின நாள் இரவே ஒரே தட்டில் வைத்து 20 நிமிடம் கொடுங்கள். பக்கத்திலேயே வீட்டார் ஒருவர் இருந்து, எடுத்து முடித்ததும் எண்ணி வாங்கிப் பூட்ட வேண்டும். விடியற்காலையில் நகையைத் தட்டில் பரப்புவது ஆபத்து.

மணவறையும் வெளிச்சமும்

அலங்காரம் செய்பவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று, இடம். மணமக்கள் உட்காரும் மணைக்கும் பின்னால் உள்ள பூ அலங்காரத்துக்கும் இடையே குறைந்தது 3 அடி இருக்கட்டும். அங்கேதான் நாத்தனாரும் விளக்குப் பிடிப்பவரும் நிற்பார்கள். ஓமகுண்டத்துக்கு முன்னால் மேடை விளிம்பு வரை 5 அடி இருந்தால் போட்டோகிராபர் மண்டியிட்டு எடுக்கலாம். அந்த இடத்தில் பூச்சாடியையும் குத்துவிளக்கையும் நிறுத்திவிட்டால் அவர் மணமக்களின் முகத்துக்கு நேராக எழுந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு எதுவும் தெரியாமல் போய்விடும்.

இரண்டு, வண்ண விளக்கு. ஊதாவும் நீலமும் பச்சையுமாகச் சுழலும் பார் லைட்டுகளை முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்பே அணைத்துவிட வேண்டும். ஊதா ஒளியில் எடுத்த முகத்தைப் பின்னால் கணினியில் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தோலின் இயல்பான நிறம் அந்தப் படத்தில் பதிவாகியே இருக்காது. அரக்குக் கூறையின் ஜரிகையும் மஞ்சளும் குங்குமமும் ஒரே சாயலில் கலந்து போகும். வெள்ளை என்றால் எல்லா விளக்கும் வெள்ளை, மஞ்சள் என்றால் எல்லாம் மஞ்சள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இன்னொன்று என்று போட்டால் மாப்பிள்ளை ஒரு நிறத்திலும் பெண் ஒரு நிறத்திலும் தெரிவார்கள்.

மூன்று, எல்.இ.டி. திரை. மணவறைக்குப் பின்னால் திரை இருந்தால் முகூர்த்த நேரத்தில் அணைத்துவிடுங்கள், அல்லது மங்கலான ஒரே படத்தை அசையாமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் படங்களில் கோடு கோடாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போட்டோகிராபர் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் இந்த மினுக்கத்தின் பட்டைகள் அடங்கும். திரை மினுக்கும் வேகம் வேறு என்பதால் அங்கே இந்த வழி எப்போதும் பலிக்காது.

மண்டபத்தின் எலெக்ட்ரீஷியனிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தப் பத்து விநாடி தாலி கட்டும் நேரத்தில் வந்துவிடக்கூடாது என்று சில வீடுகளில் முகூர்த்தத்தின்போது முன்கூட்டியே ஜெனரேட்டரில் ஓட்டச் சொல்கிறார்கள். டீசல் செலவைப் பார்க்காமல் அரைமணி நேரம் அப்படிச் செய்வது நல்லது. ஓமத்துக்குப் பக்கத்தில் உள்ள மேடை விசிறி எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். புகை மணமக்கள் முகத்தில் அடித்தால் கண் கலங்கி, ஒப்பனை கரைந்து, எல்லாப் படத்திலும் கண்ணைச் சுருக்கியபடி இருப்பார்கள்.

அய்யரிடம் ஐந்து நிமிடம்

முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு முன் பொறுப்பாளர் இருவரும் போட்டோகிராபரை அழைத்துக்கொண்டு அய்யரைப் பாருங்கள். தாலியை உட்கார்ந்தபடியே கட்டுவதா, எழுந்து நின்றா? மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவாரா, முதல் முடிச்சுக்குப் பின் நாத்தனார் போடுவாரா? பெண் அப்பா மடியில் அமர்வாளா? தாலி கட்டிய பிறகு பெண் இடப்பக்கம் மாறி உட்காருவது எப்போது? இந்த நான்கும் தெரிந்தால் கேமராக்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். கெட்டிமேளத்துக்கு அய்யர் கையசைப்பதற்கு முன் ஒருமுறை கேமரா பக்கம் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள்.

கல்யாணத்தின்போது அய்யரை இடையில் நிறுத்துவதோ "இன்னொரு தடவை" என்பதோ கூடாது. தாலி கட்டியதை மறுபடி நடித்துக் காட்டச் சொல்வதை வீட்டார் அபசகுனமாக நினைப்பார்கள், அவர்கள் வருத்தம் நியாயமானது. தவறிய படம் தவறியதுதான். ஆகவேதான் இத்தனை முன்னேற்பாடு.

தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம்

மணவறையில் இருக்க வேண்டியவர்கள் மணமக்கள், இரு பக்கப் பெற்றோர், அய்யர், நாத்தனார், விளக்குப் பிடிப்பவர், தோழன், தாய்மாமா. மொத்தம் பத்துப் பதினோரு பேர். பெண்ணின் பெற்றோர் பெண் பக்கத்திலும் மாப்பிள்ளையின் பெற்றோர் அவர் பக்கத்திலும் ஓரமாக, மணமக்களைப் பார்த்தபடி நிற்கட்டும். முன்பக்கம் யாரும் வேண்டாம். ஒரு கேமரா ஓமகுண்டத்துக்கு நேர் எதிரே, தாழ்வாக. இன்னொன்று அய்யர் இல்லாத பக்கத்தில் சற்றுச் சாய்வாக, பெண்ணின் முகம் பார்த்து. வீடியோ ஒன்று கூட்டத்துக்குப் பின்னால் உயரமான பலகை மேல், ட்ரைபாடில். முன்னால் எது நடந்தாலும் இந்த மூன்றாவது கேமராவில் முழுக் காட்சியும் இருக்கும்.

மாப்பிள்ளை செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். தாலியை வாங்கியதும் இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேராக இரண்டு மூச்சு விடும் நேரம் நிறுத்துங்கள். பெண்ணின் கழுத்துக்குப் பின் கையைக் கொண்டுபோகும்போது முழங்கையைத் தூக்காமல் தாழ்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை தோள் உயரத்துக்கு எழுந்தால் முன்னால் இருக்கும் கேமராவுக்குப் பெண்ணின் முகம் மறைந்துவிடும். முடிச்சுப் போட்டதும் கையை உடனே இழுத்துக்கொள்ளாதீர்கள்.

நாத்தனாரின் பங்கு பெரியது. கெட்டிமேளத்துக்கு முன்பே பெண்ணின் சடையையும் பூச்சரத்தையும் ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றைப் பூவுக்குள் தேடிக்கொண்டிருப்பார். மாலை தடிமனாக இருந்தால் தாலி அதற்குள் புதைந்துவிடும், முன்பக்கம் மாலையைச் சற்று விலக்கிவிடச் சொல்லுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காமல் நிமிர்ந்து நின்றே இதைச் செய்தால் அவர் தலை படத்தை மறைக்காது.

பெண் தலையை முழுதாகக் கவிழ்த்துக்கொண்டால் நெற்றிச்சுட்டியும் பூவும் மட்டுமே தெரியும். மோவாயை இரண்டு விரல்கடை உயர்த்தி, பார்வையை மட்டும் தாழ்த்தினால் போதும். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அது அந்தக் கணத்துக்கே உரியது.

அட்சதைதான் கூட்டத்தை மேடைக்கு இழுக்கிறது. தட்டு மேடையிலேயே இருந்தால் எல்லோரும் அதை நோக்கி எழுந்து வருவார்கள். கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு நான்கு இளைஞர்கள் தட்டுகளோடு நாற்காலி வரிசைகளுக்கே போய்க் கொடுத்து, "உட்கார்ந்த இடத்திலிருந்தே போடுங்க, அப்புறமா மேடையில வந்து ஆசீர்வாதம் பண்ணலாம்" என்று சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள். போட்டோகிராபர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. கேமராவின் தலையிலேயே ஃபிளாஷ் இருந்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் அரிசியெல்லாம் பெரிய வெள்ளைப் புள்ளிகளாகப் பதிந்து முகத்தை மறைக்கும். ஃபிளாஷைப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்தால் மணமக்கள் மேல் விழும் அட்சதை தனித்தனியாக ஒளிரும்.

கைபேசியை அறவே கூடாது என்று நம் கல்யாணங்களில் சொல்ல முடியாது, சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். மைக்கில் ஒரு பெரியவர், "தாலி கட்டும் ஐந்து நிமிடம் மட்டும் எல்லோரும் கைபேசியைக் கீழே வைத்துக் கண்ணால் பாருங்கள்" என்று அன்பாகக் கேட்பது பலன் தரும். குறைந்தது டார்ச் வெளிச்சத்தையாவது போடாமல் இருப்பார்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு மேடைக் குப்பையை விட்டுவிடாதீர்கள். முறுக்கிய பிளாஸ்டிக் பை, அட்டைப் பெட்டி, காபி டம்ளர், ஸ்டூல், யாரோ கழற்றிப் போட்ட துண்டு. இதற்கென ஒரு தம்பியைப் போட்டு, சடங்கு மாறும்போதெல்லாம் ஒருமுறை அள்ளி அலங்காரத்துக்குப் பின்னால் உள்ள கூடையில் போடச் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் ஸ்மார்ட் வாட்சையும் வேட்டி மடிப்பில் புடைத்து நிற்கும் கைபேசியையும் தோழன் வாங்கிவைத்துக்கொள்ளட்டும்.

முகூர்த்தம் முடிந்ததும்

அம்மி மிதித்து மெட்டி போடும்போது எல்லோரும் குனிந்து வட்டமாகச் சூழ்ந்துவிடுவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விடச் சொன்னால் போதும். குடத்தில் மோதிரம் எடுப்பது, அப்பளம் உடைப்பது போன்ற விளையாட்டுகளில் எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம், அங்கே கூட்டமும் சிரிப்பும்தான் படம்.

மணமக்களை வெளியே நிறுத்தி எடுக்க நினைத்தால் நம் ஊர் வெயிலில் 9 மணிக்கு மேல் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். அதற்குள் முடியாவிட்டால் தாழ்வாரத்து நிழலிலோ மாலை 5 மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பு மேடை

500 பேர் வருகிறார்கள் என்றால் அவர்கள் ஏறக்குறைய 150 குழுக்களாக மேடை ஏறுவார்கள். ஒரு குழுவுக்கு 40 விநாடி என்றால் 100 நிமிடம். ஒரு நிமிடம் என்றால் 150 நிமிடம், அதாவது வரிசை மண்டப வாசல் வரை நிற்கும். இந்த 20 விநாடி வித்தியாசம் மொய்க் கவரை எடுப்பதிலும், பரிசை யாரிடம் கொடுப்பது என்று தேடுவதிலும், இறங்கும் வழி தெரியாமல் திரும்புவதிலும் போகிறது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்படி வையுங்கள். ஏறும் படியில் ஒருவர், அடுத்த குழு யார், எத்தனை பேர் என்று பார்த்துத் தயாராக நிறுத்தட்டும். மணமக்களுக்குப் பின்னால் ஒருவர் பரிசுகளை வாங்கி, பெயர் எழுதி வைக்கட்டும்.

போட்டோவும் வீடியோவும் உறவினர் கைபேசியும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். "இங்க பாருங்க" என்று சொல்லும் உரிமை போட்டோகிராபர் ஒருவருக்கு மட்டுமே. கைபேசிக்காரர்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்தால் பார்வை ஒரே திசையில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரிசையை ஐந்து நிமிடம் நிறுத்தி மணமக்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். களைத்த முகத்துக்கு எந்தக் கேமராவாலும் உதவ முடியாது.

போட்டோகிராபரிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அவருக்குச் செய்ய வேண்டியதும்

மணவறையில் செருப்பில்லாமல் நடப்பது, ஓமத்தைத் தாண்டாமல் சுற்றி வருவது, பூஜைப் பொருளைக் காலால் தள்ளாமல் இருப்பது, இவை மூன்றும் கட்டாயம். கறுப்புச் சட்டை வேண்டாம் என்று நினைக்கும் வீடாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஒப்பனை அறைக்குப் பெண் போட்டோகிராபர் ஒருவரைக் கேளுங்கள், புடவை கட்டி முடித்த பிறகே உள்ளே அழையுங்கள். கல்யாணம் கோயிலில் என்றால் அலுவலகத்தில் அனுமதி, கட்டணம், எந்த எல்லை வரை கேமரா என்று கேட்டு வாருங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. வாசலில் போய்த் தகராறு செய்வதால் முகூர்த்த நேரம்தான் வீணாகும்.

அதிகாலை 4 மணிக்கு வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு 11 மணிக்குக் கிடைத்தால் குடும்பப் படம் எடுக்கும்போது கை ஓய்ந்திருக்கும். முகூர்த்தத்துக்கு முன் இட்லியும் காபியும் கொடுத்துவிடுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராக முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். பைகளை வைக்கப் பூட்டும் அறையும் சார்ஜ் போட பிளக் பாயிண்டும் தேவை.

முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டியவை: ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமராவா, எல்லாக் கேமராவின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும்படி வைப்பார்களா, மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுப்பார்களா, உங்கள் சம்மதம் இல்லாமல் இன்ஸ்டாகிராமில் படம் போடுவார்களா. கடிகாரம் ஐந்து நிமிடம் தள்ளியிருந்தால் மூன்று பேர் எடுத்த படங்கள் வரிசை மாறி, தாலி கட்டிய பிறகு அய்யர் தாலியை எடுத்துக் கொடுப்பதுபோல் அடுக்கப்பட்டுவிடும்.

ஆல்பம் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் வீட்டார்தான். 30 பக்க ஆல்பத்துக்கு 120 முதல் 150 படம் போதும். ஆயிரக்கணக்கான படங்களை மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் மாதக்கணக்கில் முடியாது. பொறுப்பாளர் இருவரும் முதலில் 300 ஆகக் குறைத்து, மணமக்கள் அதிலிருந்து எடுத்து, கோப்பு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தையே அனுப்பினால் எண் மாறிவிடும், அளவும் சுருங்கிவிடும்.